இரண்டு மடங்கு ஆபத்து

சூலூரிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த கீதாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. கணவன் கிருபாசங்கர் கட்டிலருகே நின்றான்.

"பிரஷர் மாத்திரையை ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர் மதிவதனி.

"அதைச் சாப்பிட்டா கிட்னி கெடுற ஆபத்து ரெண்டு மடங்குன்னு பேப்பர்ல வந்துச்சுங்க."

"நிறுத்துனது எனக்குத் தெரியாதுங்க டாக்டர்," என்றான் கிருபாசங்கர்.

டாக்டருக்குக் கோபம் தாங்கவில்லை. "பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வந்தது, ரெண்டு பேருக்கு வருது. அவ்வளவுதான்! அதைச் சொல்லாம ரெண்டு மடங்குன்னு மட்டும் எழுதியிருக்கான். படிச்சவனா அவன்?"

கிருபாசங்கர் மனைவியின் கையைப் பற்றினான். அது அவனைப் பற்றவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்." கீதாவுக்கு நாக்கு குழறியது. "கணக்குத் தப்பா இருக்காதுங்க. அதை எழுதுனதே எங்க ஊட்டுக்காரருங்க."