பெரிய எழுத்தில்

"என் பேரு இன்னும் பெருசா வரணும்," என்றான் சீனியர், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

கல்லூரி விழாவில் திரையிடப்போகும் பாட்டு வீடியோ அது. நடிப்பு, இயக்கம், இசை எல்லாம் அவன். எடிட்டிங் மட்டும் நான்.

"எவ்ளோ பெருசாண்ணா?"

"கடைசி வரிசையில இருக்கிறவனும் கண்ணாடி போடாம படிக்கணும். முக்கியமா 'இசை'ன்னு வர்ற இடத்துல."

"சரிண்ணா. முடிச்சதும் ஒருவாட்டி முழுசா பாத்துடுறீங்களா?"

"என் மூஞ்சியை நானே எத்தனை வாட்டி பாக்கிறது? நீயே முடிச்சிடு." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

விழாவன்று பாட்டு முடிந்ததும் அரங்கமே கைதட்டியது. 'இசை' என்று போட்டு, திரை முழுக்க அவன் பெயர் வந்து நின்றது. கூடவே அவன் குரலும் வந்தது.

பாட்டு வீடியோவில் கேமரா பதிவு செய்கிற பேச்சை யாரும் பயன்படுத்துவதில்லை. அந்தத் தைரியத்தில், 'கட்' சொன்ன பிறகு நண்பனிடம் வாய்விட்டுப் பேசியிருந்தான்.

"மெட்டு என்னோடதா? அட போடா! எடிட்டிங் ரூம்ல ஒண்ணு உக்காந்திருக்கே, அது போட்டது. என்ன பண்ணிடும்? ரெண்டு நாள் அழும், அவ்ளோதான்."

முதல் நாள் மட்டும்தான் அழுதேன். இரண்டாம் நாள் எடிட் செய்தேன்.