தர்ப்பணச் சீட்டு

ஆடி அமாவாசையும் அதுவுமாக ராமேஸ்வரம் லாட்ஜ் கம்ப்யூட்டர் மானத்தை வாங்கியது. பூமிநாதன் எழுதிக்கொடுத்த புரோகிராமில் ‘தர்ப்பணம்’ பொத்தான் தானாக அமுங்கி, ஆளில்லாமலே சீட்டு அச்சாகி விழுந்தது.

“ஏலே, இதச் சரிபண்ணிட்டு நீயும் கடலுக்குப் போயி ஒங்க அய்யாவுக்கு எள்ளுந்தண்ணியும் எறச்சிட்டு வா,” என்றார் மேனேஜர் சேதுராமன்.

“அருவா வெட்டுப்பட்ட கட்டவெரல மையில உருட்டி, நெலம் பூராத்தையும் அண்ணனுக்கு எழுதுனாருல்ல? அவன் எறைக்கட்டும்,” என்றான் பூமிநாதன்.

கிளிக்கெல்லாம் வரிசையில் நிற்கும். புரோகிராமுக்குள் ஓயாமல் சுற்றும் ஈவென்ட் லூப் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வேலையை முடிக்கும். பழைய கிளிக் எதையோ திரும்ப எடுக்கிறது என்று நினைத்து வரிசையைக் காலிசெய்தான். சீட்டு விழுந்தது. மவுஸைப் பிடுங்கி டிராயருக்குள் வைத்துப் பூட்டினான். அப்போதும் விழுந்தது. கடைசியில் லூப்பையே நிறுத்தினான். திரை உறைந்தது, சீட்டும் நின்றது.

“தொலஞ்சது,” என்றான்.

டிராயருக்குள் ‘டிக்’ என்று கேட்டது.

திறந்தான். மவுஸின் இடது பொத்தானில் ஊதா மையில் ஒரு கைநாட்டு, நடுவில் குறுக்காக வெட்டுத்தழும்பு. சட்டை முனையால் அழுத்தித் துடைத்து, மறுபடி பூட்டினான்.

‘டிக்’ என்றது.

திறந்தபோது மை ஈரமாக இருந்தது.