வலியில்லாத வயது

செங்கல் சூளையில் கிழக் கழுதைகள் எந்த வயதுவரை வலியில்லாமல் வாழ்கின்றன என்று ஒரு மைனா கணக்கெடுத்தது. அந்த வயதில் ஓய்வு தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"கால் வலிக்குதா, பெரியவரே?"

நொண்டுகிற கழுதைகளை ஏற்றிப்போகும் அடிமாட்டு லாரி வாசலில் நின்றது. கிழக் கழுதை வீங்கிய முழங்காலை வைக்கோலுக்குள் இழுத்துக்கொண்டது.

"எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்!"

"நிஜமாவா?"

"உன்னைத் தூக்கிட்டு ஓடிக் காட்டட்டுமா?"

மற்றக் கழுதைகளும் அப்படியே சொல்லின. மைனா எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தது. ஓய்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது.

அடுத்த ஆண்டு மைனா வந்தபோது, அந்தக் கழுதை சுமையோடு மூன்று காலில் நின்றது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

கழுதை வாசலைப் பார்த்தது. லாரி அங்கேயே நின்றது.

"நல்லாத்தான் இருக்கேன், தம்பி."