மோதிரத்தைக் கழட்டுங்க

மனைவியின் கடைசல் பட்டறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டதும் கணவன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"மோதிரத்தைக் கழட்டிடுங்க. சட்டைக் கையையும் மடிச்சு விடுங்க. மெஷின் சுத்துறப்ப மாட்டினா ஆளையே இழுத்துடும்" என்றாள் மனைவி.

ஓர் ஆண் ஏதோ முணுமுணுக்க, மறுபடியும் சிரித்தாள்.

"கண்ணாடியை நானே மாட்டி விடறேன். கொஞ்சம் குனிங்க."

தன்னிடம் ஒரு நாளும் இப்படிக் குழைந்ததில்லையே! வெடுக்கென்று கதவைத் தள்ளினான்.

பாதுகாப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தவர் அவனுடைய அப்பா. காதல் கல்யாணம் செய்துகொண்ட நாள் முதல் அவன் முகத்தில் விழிக்காதவர். மருமகளோடு மட்டும் எப்போது ராசியானார்? பொறாமை தணியவில்லை; இப்போது மனைவி மேல் திரும்பியது.

அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி மாட்டாம கிட்ட வராதடா. சில்லு தெறிச்சா உன் கண்ணு என்னாகும்?"