நீக்க வேண்டிய சத்தம்

மலேசியாவின் சுங்காய் ஊரில், வீட்டுக்குள் நுழைந்த மதிய வெயில் மடிக்கணினித் திரையில் கூசுகிறது. தம்பி பவித்ரன் வீட்டிலேயே வாசித்துப் பதிந்த உருமி மேளத்தை, யாரோ எழுதி ஊருக்கே இலவசமாக விட்டிருக்கும் ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டுத் தினேஸ்வரி சுத்தம் செய்கிறாள். "அக்கா, அடியில டக்டக்குனு ஒன்னு கேக்குது. அத எடுத்துரு லா," என்கிறான் அவன். எந்தச் சத்தத்தை நீக்க வேண்டும் என்று மென்பொருளுக்கு முதலில் காட்ட வேண்டும். உருமி ஓய்ந்திருக்கும் நான்கு விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்கிறாள். மின்விசிறி இல்லை, பல்லியும் இல்லை. இரும்பில் மோதிரம் தட்டுகிற சத்தம். உருமி நின்ற பிறகும் அது தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி உருமியைத் தொட்டாலே திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும், விரலில் மோதிரம் போட்ட அப்பாவின் இரும்புக் கட்டில், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். "எடுத்துட்டியாக்கா?" தினேஸ்வரி ஹெட்போனைக் கழற்றித் தம்பியின் காதில் மாட்டுகிறாள்.