மன்னிக்க முடியல, ஆண்டவரே

“ஆண்டவரே, இந்த வாரமும் அந்த ஆளை என்னால மன்னிக்க முடியல. மன்னிச்சுட்டேன்னு உம்மகிட்ட பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்ல. ஆமென்.”

ரொட்டிக்கடை அக்கா அவ்வளவுதான் ஜெபித்தாள். தையல்கடையின் பின்னறையில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் மூடிய கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டர் மட்டும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டார்.

ஞாயிறு மதியம் தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேதான் கூடுவார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெபித்து முடித்தவர் பக்கத்தில் இருப்பவரின் கையை லேசாக அழுத்தினால், அடுத்து அவர் ஜெபிக்கலாம். கூச்சப்படுகிறவர் வாயே திறக்காமல் அடுத்த கையை அழுத்திவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்காவுக்கும் பாஸ்டருக்கும் நடுவில் உட்காருகிறவர் வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவருக்கு மௌனசாமி என்றே பெயர் விழுந்துவிட்டது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டபோதுகூட, கிடைத்த வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அக்காவின் கதை பாஸ்டருக்குத் தெரியும். வீட்டுக்காரர் பெயிண்டர். பெரிய கட்டடம் ஒன்றுக்கு வண்ணம் அடிக்கச் சாரத்தில் ஏறினார். சாரம் கட்டினவன் அவசரத்தில் ஒரு முடிச்சை ஒழுங்காகப் போடாமல் விட்டிருந்தான். ஏறின மனிதர் உயிரோடு இறங்கவில்லை. மன்னித்துவிடு, நாங்களே மன்னித்தாயிற்று என்று சபையில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களுக்கென்ன, தாலியைப் பறிகொடுத்தது அவளல்லவா!

அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ரொட்டி நேற்றையது என்றால் நேற்றையதுதான் என்று சொல்லித்தான் விற்பாள். வியாபாரம் போனால் போகட்டும் என்பாள். கடவுளிடமும் அதே கணக்குத்தான். ஒரு வாரம் அவள் ஜெபித்ததைக் கேட்டுப் பாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் காய்ச்சலில் கிடந்தானாம், கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது ஆண்டவரே, தப்புதான், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது என்றாள். இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நாமெல்லாம் முழங்காலில் நின்றுகொண்டே கடவுளுக்கு ஐஸ் வைக்கிற ஆட்கள்.

மன்னிக்க முடியல என்று அவள் ஜெபித்த அன்று, கூட்டம் கலைந்ததும் பாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், அனுபவம்தான் கம்மி.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கேக்குறவங்களுக்கு இது இடறலா இருக்கு. மனசு மாறுற வரைக்கும் நீங்களும் பேசாம கையை அழுத்தி விட்டுடுங்க.”

அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

“வீட்ல பிள்ளைங்க முன்னாடி அழ முடியல பாஸ்டர். கடையில வர்றவங்க முன்னாடி சிரிச்சே ஆகணும். உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு இந்த ஒரு இடம்தான் இருக்கு. இதையும் மூடிட்டா நான் எங்க போவேன்?”

பாஸ்டருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த ஆளை ஒரு தடவை நேரில் பார்த்தால் கோபம் குறையலாமே என்று சொல்லிப் பார்த்தார். பார்த்தும் குறையவில்லை என்றாள் அவள். அப்படியானால் கொஞ்ச நாள் அமைதியாக இருங்கள் என்று முடித்துவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் மறுவாரம் இந்தப் பக்கமே தலை காட்டியிருக்க மாட்டாள். அக்கா வந்தாள். எப்போதும் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

ஜெபம் ஒவ்வொருவராகச் சுற்றி அவளிடம் வந்தது. வாயைத் திறந்தாள். பாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டாள். தேம்பலை அடக்கிக்கொண்டு பக்கத்துக் கையை அழுத்தினாள்.

அடுத்து மௌனசாமி தன் கையை அழுத்துவார் என்று பாஸ்டர் காத்திருந்தார். அழுத்தவில்லை. அறையில் யாரும் கேட்டிராத கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

“அக்காவை ஜெபிக்கச் சொல்லுங்க பாஸ்டர்.”

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். மௌனசாமி தரையைப் பார்த்தபடி பேசினார். அவங்க ஜெபத்தைக் கேட்கத்தான் வாராவாரம் வருகிறேன், அவங்க பேசக் கூடாது என்றால் நானும் வரவில்லை என்றார்.

“அது கசப்பான ஜெபமாச்சே அண்ணே. அதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?” என்றார் பாஸ்டர்.

அக்காவின் கை மௌனசாமியின் கையை விடவில்லை.

“நான் மொத மொத இங்க வந்தன்னைக்கு, மன்னிச்சாச்சு மன்னிச்சாச்சுன்னு சொன்னவங்க எல்லாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க. இந்த அக்கா ஒருத்தங்கதான் எழுந்து வந்து பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் ஏறின சாரத்தைக் கட்டினவன் நான்தான் பாஸ்டர்.”