தாண்டும் குழியின் மணல்

1972 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரி மைதானத்தில் மாவட்டத் தடகளத் தேர்வு நடக்கிறது. இரவு பெய்த மழையில் தரை சேறாய்க் கிடக்கிறது. நீளம் தாண்டும் குழிக்காக நேற்றெல்லாம் மணல் சலித்துக் கொட்டிய மைதானப் பணியாளர் கவுஸ் பாஷா வெறும் பள்ளத்தின் முன் நிற்கிறார். அந்த மணல் வாசலிலிருந்து மேடைவரை பாதையாக மினுங்குகிறது. "விழாத் தலைவரு சேத்துல நடப்பாருங்களா, பாய்? போன வாரம் சர்க்கஸ்காரன் இங்க யானை கட்டினப்ப சும்மாத்தான இருந்தீங்க?" என்று சிரிக்கிறார் பந்தல் பொறுப்பாளர். "யானைகூட என் மணல்ல கால் வெக்கலீங்க." மாநிலப் போட்டிக்குப் போக இந்த ஒரு தேர்வையே நம்பி, சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சென்னம்மாள் பாவாடையைத் தூக்கிச் செருகுகிறாள். "சேத்துலயே தாண்டறனுங்க." கால் உடையும் என்று நடுவர் மறுக்கிறார். கவுஸ் பாஷா மணலை அள்ளக் கூடையோடு பாதையில் குனிகிறார். "அய்யா வந்து போகட்டும்" என்று பந்தல் ஆட்கள் கூடையைப் பிடுங்குகிறார்கள். வெயில் உச்சிக்கு ஏறுகிறது. ஒரு மணிக்கு வந்த கார் வாசலில் நிற்கவில்லை. மணலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டே மேடைவரை போகிறது. தலைவர் காரிலிருந்து நேராகப் படியில் கால் வைக்கிறார். அவருடைய பூட்ஸில் ஒரு பொட்டு மணல் இல்லை. பெண்களுக்கான நீளம் தாண்டுதல் ரத்து என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது.